முதல் விநாடியின் நிதானம்

மாலையில் வீடு திரும்பியதும் கைபேசியின் சார்ஜரைச் சுவரிலுள்ள துளைகளில் செருகி, விசையைத் தட்டிவிட்டு, நாம் வேறு அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறோம். தட்டிய அதே நொடியில் மின்னேற்றம் ஆரம்பமாகிவிட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் சற்றுக் கூர்ந்து பார்த்தவர்கள், விசையின் ஓசைக்கும் கைபேசியில் குறி தோன்றுவதற்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருப்பதைக் கண்டிருக்கக் கூடும். சில சார்ஜர்களில் அது கண் இமைக்கும் நேரந்தான். வேறு சிலவற்றில் ஏறக்குறைய ஒரு விநாடி. யந்திரத்தின் சோம்பலால் நேர்ந்த தாமதம் அன்று அது. அந்த ஒரு விநாடிக்குள் அச்சிறு பெட்டி தனக்கு வேண்டிய ஆகாரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. சேர்த்தது போதுமா என்று அளந்து பார்க்கிறது. பிறகு அடிமேல் அடி வைத்து வேலையைத் தொடங்குகிறது. வேலை நடவாது என்று கண்டால் உடனே கையை எடுத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

இவ்வளவு முன்ஜாக்கிரதை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இத்தகைய யந்திரம் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு நேரும் சோதனை குறைவு. ஓடத் தொடங்கும்போதுதான் சோதனை மிகுதி. பழுது பார்க்கும் கடைகளில் விசாரித்தால், "இரவு நன்றாகத்தான் இருந்தது; காலையில் விசையைப் போட்டதும் பட்டென்று வெடித்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு பெட்டியை எடுத்து வருவோர் பலர் என்பதை அறியலாம். தொலைக்காட்சி, கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்கு என்று நம் வீட்டில் உள்ள சாமான்களில் பெரும்பாலானவற்றுக்குள் இப்படிப்பட்ட ஒரு பெட்டி ஒளிந்திருக்கிறது. கடைத்தெருவில் அதற்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். நாள்தோறும் நாம் பல தடவை உயிர்ப்பித்து அணைக்கும் ஒரு பொருள் எவ்வாறு அபாயமின்றி விழித்தெழுகிறது என்பதை அறிந்துகொள்வது வீட்டுக்கும் நல்லது, அறிவுக்கும் விருந்து.

பெட்டியின் தொழில்

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ளது. விநாடிக்கு 50 தடவை அலைபோல் முன்னும் பின்னும் மாறுவது. கைபேசிக்கு வேண்டியதோ 5 வோல்ட் அளவில், ஒரே திசையில் ஓடும் மின்சாரம். முற்காலத்தில் இந்த மாற்றத்தைச் செய்வதற்கு இரும்புத் தகடுகளை அடுக்கிச் செம்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மரைப் பயன்படுத்தினார்கள். பழைய ரேடியோப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் நினைவிருக்கும்.

விநாடிக்கு 50 தடவை மட்டுமே மாறும் மின்சாரம், ஒவ்வொரு தடவையும் பெருஞ் சுமையைத் தூக்கியாக வேண்டும். ஆகையால்தான் அந்த இரும்புக்கு அவ்வளவு கனம். கவலை இறைக்கும் கிணற்றில் மாடுகள் மெதுவாக நடப்பதால் சால் பெரிதாக இருக்க வேண்டியிருக்கிறது. அதே நீரை ஒரு சிறு குவளையாலும் வெளியேற்றலாம். ஆனால் குவளை மின்னல் வேகத்தில் கீழே போய் மேலே வர வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பின்பற்றுவது இந்தக் குவளை உபாயத்தைத்தான். முதலில் அது வீட்டு மின்சாரத்தை ஒரே திசையில் ஓடுவதாக்கி, ஒரு மின்தேக்கியில் நிரப்பிக்கொள்கிறது. 230 வோல்ட் அலையின் உச்சி சுமார் 325 வோல்ட் ஆதலால், தேக்கியில் நிற்கும் அழுத்தமும் அதுவே. பிறகு ஒரு டிரான்ஸிஸ்டர் அந்த 325 வோல்ட்டை விநாடிக்கு 65,000 தடவை, 1,00,000 தடவை என்ற கணக்கில் இணைத்தும் அறுத்தும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மருக்குள் செலுத்துகிறது.

வெளியே 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு தடவையும் டிரான்ஸிஸ்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று நிர்ணயிப்பது, புளியங்கொட்டை அளவுள்ள ஒரு சில்லு. அழுத்தம் குறைந்தால் திறப்பு நேரம் நீளும், கூடினால் குறுகும். இந்தக் கட்டுப்பாட்டுச் சில்லுதான் நமது கட்டுரையின் நாயகன். இவ்வகைச் சில்லுகளில் முதலாவதாகச் சந்தைக்கு வந்தது, ஸிலிகன் ஜெனரல் என்ற அமெரிக்கக் கம்பெனிக்காக பாப் மாமனோ என்ற பொறியியலறிஞர் வகுத்து, 1976-ம் வருஷத்தில் வெளியான எஸ்.ஜி. 1524 என்பது. அடுத்த வருஷமே, 1977-ல், ராட் ஹோல்ட் என்பவர் இந்த இணைத்து அறுக்கும் முறையில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு இலேசான மின்பெட்டியை அமைத்தார். பின்னர் யூனிட்ரோட் கம்பெனி வெளியிட்ட யூ.சி. 3842 என்னும் சில்லும் அதன் நகல்களும் உலகெங்கும் எண்ணற்ற பெட்டிகளுக்குள் புகுந்துவிட்டன. இனி நாம் கூறும் கணக்குகளுக்கு அந்த யூ.சி. 3842-ஐயே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

வெறும் பாத்திரத்தின் பசி

விசையைத் தட்டும்போது பெட்டியிலுள்ள பெரிய மின்தேக்கி வெறுமையாக இருக்கிறது. வெறும் தேக்கி மின்சாரத்துக்கு எவ்விதத் தடையும் செய்வதில்லை. அந்தக் கணத்தில் அது இரு கம்பிகளை நேருக்கு நேர் முறுக்கிவிட்டதற்குச் சமானம். நாம் விசையைத் தட்டிய நேரம் அலை உச்சியில் இருக்கும் நேரமாக அமைந்துவிட்டால், 325 வோல்ட்டும் ஒரே பாய்ச்சலாகப் பாயும். வழியிலுள்ள கம்பிகளின் தடை ஓர் ஓம் அளவுதான் என்றால், 300 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் ஒரு க்ஷணம் புரண்டோட முயலும். நம் வீட்டு மிக்ஸி எடுத்துக்கொள்வது 2, 3 ஆம்பியர் என்பதை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும். விசையின் உலோக நாக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், ப்யூஸ் போவதும் இதனால்தான். ப்ளக்கைச் செருகும்போது சில சமயம் நீலப் பொறி தெறிப்பதும் பெரும்பாலும் இந்த வெறும் பாத்திரத்தின் பசியினாலேயே.

இதற்குச் செய்திருக்கும் பரிகாரம் எளியது, ஆயினும் அழகானது. பெரிய பெட்டிகளில், மின்சாரம் நுழையும் வழியில் தெர்மிஸ்டர் என்ற ஒரு சிறு வில்லையை வைக்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது அதன் தடை 10 ஓம் அளவில் இருக்கும். ஆகவே முதல் பாய்ச்சல் சுமார் 32 ஆம்பியருக்குள் அடங்கிவிடுகிறது. அதுவும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே. மின்சாரம் ஓட ஓட வில்லை சூடேறுகிறது. சூடேற ஏற அதன் தடை குறைந்து ஓர் ஓம்முக்கும் கீழே போய்விடுகிறது. வாயிலில் நின்று கூட்டத்தை நெறிப்படுத்தும் காவலன், கூட்டம் உள்ளே போனபின் தானே ஒதுங்கி நின்று வழி விடுவது போன்றது இது. சிறிய சார்ஜர்களில் தெர்மிஸ்டருக்குப் பதிலாகச் சாதாரண மின்தடை ஒன்றே இந்த வேலையைச் செய்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அணைத்துவிட்டு, தேக்கி வடிந்ததும் வில்லை ஆறுவதற்குள் மீண்டும் போட்டால், காவலன் ஒதுங்கியே நிற்கிறான். பாய்ச்சல் தடையின்றி உள்ளே நுழைகிறது. கம்ப்யூட்டரை அணைத்தால் ஒரு நிமிஷம் பொறுத்துப் போடுங்கள் என்று அனுபவஸ்தர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தன்னைத் தானே ஊட்டிக்கொள்ளும் வித்தை

தேக்கி நிரம்பியாயிற்று. இனி டிரான்ஸிஸ்டரை ஓட்ட வேண்டும். அதை ஓட்டுவது சில்லு. சில்லுக்கும் உயிர் வாழ மின்சாரம் வேண்டுமே. அதற்கு வேண்டியது பன்னிரண்டு, பதினைந்து வோல்ட் அளவிலான மெல்லிய மின்சாரம். அதை உண்டாக்கித் தருவது யார்? சில்லு ஓட்டுகின்ற அதே டிரான்ஸ்பார்மர்தான்! பெட்டி ஓடினால்தான் சில்லுக்கு ஆகாரம். சில்லு விழித்தால்தான் பெட்டி ஓடும். விதையா, மரமா என்ற பழைய வழக்குப்போல் இருக்கிறதல்லவா?

நெடுநாள் சும்மா கிடந்த கைப்பம்பை அடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வழக்கின் தீர்ப்பு தெரியும். வெறும் பம்பை எவ்வளவு அடித்தாலும் காற்றுத்தான் வரும். முதலில் ஒரு செம்பு நீரை மேலிருந்து ஊற்ற வேண்டும். பிறகு அடித்தால் நிலத்தடி நீர் தானே ஏறி வரும். நம் பெட்டியில் இந்த முதற்செம்பு நீராக விளங்குவது ஒரு சிறிய மின்தேக்கி. 325 வோல்ட் தேக்கியிலிருந்து 1,50,000 ஓம் அளவுள்ள ஒரு பெருந்தடை வழியாக, 2 மில்லி ஆம்பியருக்குச் சற்று அதிகமான மின்சாரம் சொட்டுச் சொட்டாக அச்சிறு தேக்கியில் இறங்குகிறது. இந்தச் சொட்டுக்கள் சேரும்வரை சில்லு உறங்குகிறது. உறக்கத்தில் அதன் செலவு அரை மில்லி ஆம்பியர் அளவுதான். மிச்சமெல்லாம் சேமிப்பு.

சிறு தேக்கியின் அளவு 100 மைக்ரோ பாரட் என்று வைத்துக்கொண்டால், அது நிரம்பி 16 வோல்ட்டை எட்டுவதற்குச் சுமார் ஒரு விநாடி ஆகும். விசையைத் தட்டியபின் நாம் கண்ட அந்த இடைவெளியில் பெரும்பகுதி இதுவே. 16 வோல்ட்டை எட்டிய மறுகணம் சில்லு விழித்து வேலையைத் தொடங்குகிறது. டிரான்ஸ்பார்மரில் தனக்கென்றே சுற்றியுள்ள மூன்றாவது சுற்றிலிருந்து மின்சாரம் வரத் தொடங்கியதும் சில்லு தன் உழைப்பினாலேயே தன் வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. ஊற்றிய செம்பு நீர் வேலை செய்துவிட்டது!

அந்தப் பெருந்தடைக்கு ஒரு துர்க்குணம் உண்டு. வேலை முடிந்தபின்பும் அது சொட்டிக்கொண்டே இருப்பதால், அரை வாட்டுக்கு மேல் வீணாக வெந்து போகிறது. இக்காலத்துச் சில்லுகள் பலவற்றில், எழுந்திருக்கும் வரையில் மட்டும் உயர் அழுத்தத்திலிருந்து நேரே பருகிவிட்டு, எழுந்தபின் அந்த வாயை மூடிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அவற்றில் காத்திருக்கும் நேரமும் குறைவு. வீண் செலவும் குறைவு. கோடிக்கணக்கான வீடுகளில் இரவும் பகலும் செருகியே கிடக்கும் சார்ஜர்களை எண்ணிப் பார்த்தால், அரை வாட் என்பது அற்ப விஷயமன்று.

பதினாறும் பத்தும்

16 வோல்ட் சேரும்வரை சில்லு ஏன் காத்திருக்க வேண்டும்? 5 வோல்ட் வந்ததுமே கொஞ்சம் கொஞ்சமாக வேலையை ஆரம்பித்தால் என்ன? இங்கேதான் பாதுகாப்பின் உயிர்நிலை இருக்கிறது.

டிரான்ஸிஸ்டரை ஒரு கதவு என்று பாவித்துக்கொள்ளுங்கள். முழுவதும் மூடியிருந்தால் மின்சாரம் ஓடாது; ஆகவே சூடு இல்லை. முழுவதும் திறந்திருந்தால் மின்சாரம் தங்கு தடையின்றி ஓடும். ஆகவே சூடு மிகக் குறைவு. ஆனால் அரைக்கதவாக நின்றுவிட்டாலோ, ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தம், மறுபக்கம் ஓடும் மின்சாரம், இரண்டும் ஒருங்கே கதவின்மேல் விழுகின்றன. அந்தச் சூட்டைத் தாங்க மாட்டாமல் டிரான்ஸிஸ்டர் நொடியில் கருகிப்போகும். கதவை முழுவதும் திறப்பதற்குச் சில்லின் கையில் சுமார் 10 வோல்ட் பலம் இருக்க வேண்டும். அரை வயிற்றோடு இருக்கும் சில்லு கதவை அரைகுறையாகத் திறக்கும். ஆகவே, பலம் போதாத நிலையில் வேலையைத் தொடவே கூடாது என்பது அதற்கு இட்டிருக்கும் விதி. உறங்கும்போதும் அது கதவைச் சும்மா விட்டுவிடுவதில்லை. திறவாதபடி இழுத்துப் பிடித்துக்கொண்டே உறங்குகிறது.

தொடங்குவதற்கு 16 வோல்ட். நிறுத்துவதற்கு 10 வோல்ட். இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே 6 வோல்ட் இடைவெளி வைத்திருப்பது ஏன் என்பதையும் பார்ப்போம். உறக்கத்தில் அரை மில்லி ஆம்பியர் உண்ட சில்லு, விழித்தபின் டிரான்ஸிஸ்டரை ஓட்டும் செலவையும் சேர்த்துச் சுமார் 15 மில்லி ஆம்பியர் உண்கிறது. சொட்டிக்கொண்டிருக்கும் 2 மில்லி ஆம்பியர் எம்மூலைக்கு? சேமிப்பு மளமளவென்று கரையத் தொடங்குகிறது. தொடங்கும் எல்லையும் நிறுத்தும் எல்லையும் ஒன்றாகவே இருந்தால், விழித்த மறுகணமே சில்லு உறங்கிவிடும், மீண்டும் விழிக்கும், மீண்டும் உறங்கும். இந்த நடுக்கத்தில் எந்த வேலையும் நடவாது. நடுவிலுள்ள 6 வோல்ட்தான் சில்லின் கட்டுச்சோறு. ஊர் போய்ச் சேரும்வரை அது தாங்க வேண்டும்.

எவ்வளவு நேரம் தாங்கும்? 100 மைக்ரோ பாரட் தேக்கி 6 வோல்ட் இறங்குவதற்கு, 15 மில்லி ஆம்பியர் செலவில், 40 மில்லி விநாடி ஆகிறது. அதாவது ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஒரு விநாடி பாடுபட்டுச் சேர்த்த சேமிப்பின் ஆயுள் அவ்வளவே! அந்த 40 மில்லி விநாடிக்குள் மூன்றாவது சுற்று கைகொடுத்தாக வேண்டும். கொடாவிட்டால் 10 வோல்ட் எல்லையில் சில்லு வேலையை நிறுத்தி உறங்கிவிடுகிறது. சொட்டுச் சொட்டாக மறுபடியும் 16 வோல்ட் சேர்க்கிறது.

பெட்டியின் வாயில் இரு கம்பிகள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். வெளியே அழுத்தம் எழும்பாது. அதனுடன் மூன்றாவது சுற்றின் அழுத்தமும் எழும்பாது. சில்லு 40 மில்லி விநாடி முயன்று பார்த்து நின்றுவிடுகிறது. 10-லிருந்து 16 வரை மறுபடி சேர்வதற்குச் சுமார் 375 மில்லி விநாடி செல்கிறது. ஆகவே பத்தில் ஒரு பங்கு நேரம் உழைப்பு, ஒன்பது பங்கு நேரம் ஓய்வு. இடையறாது முயன்றால் எரிந்துபோகும் பெட்டி, இந்த விட்டு விட்டு முயலும் குணத்தால் பிழைத்துக்கொள்கிறது. கோளாறு நீங்கிவிட்டால், யாரும் தொடாமலே அடுத்த முயற்சியில் எழுந்து நிற்கிறது. பழுதான சில தொலைக்காட்சிப் பெட்டிகள் "டிக்... டிக்..." என்று இடைவிட்டு ஒலிப்பதை நேயர்கள் கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது இப்படி விட்டு விட்டு முயல்வதன் ஓசையே.

தொடக்கத்திலேயே 12 வோல்ட் ஆயத்தமாகக் கிடைக்கும் இடங்களுக்கென்று யூ.சி. 3843 என்ற தம்பிச் சில்லும் உண்டு. அது 8.4 வோல்ட்டில் தொடங்கி 7.6 வோல்ட்டில் நிற்கும். அங்கே சொட்டுச் சேமிப்பின் அவசியம் இல்லை. ஆகவே கட்டுச்சோறும் சிறிதாகவே இருக்கிறது.

தேரும் முட்டுக்கட்டையும்

சில்லு வயிறார உண்டு விழித்துவிட்டது. ஆனால் அபாயம் தீர்ந்தபாடில்லை. வெளிவாயிலில் இருக்கும் தேக்கிகளும் வெறுமையாகவே கிடக்கின்றன. அங்கே 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சூனியம். அதைப் பார்க்கும் சில்லு, "குறை மிகப் பெரிது, முழுப் பலத்தையும் செலுத்து" என்றே முடிவு செய்யும். கதவு ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் திறக்க முடியுமோ அவ்வளவு நேரமும் திறந்திருக்கும்.

இதனால் இரண்டு கேடுகள் விளையும். டிரான்ஸ்பார்மரின் நடுவேயுள்ள பெரைட் என்னும் கறுப்புக் கட்டி ஓர் அளவுக்கு மேல் காந்த சக்தியை ஏற்காது. உப்புத் தெவிட்டிய நீரில் மேலும் உப்பைப் போட்டால் கரையாமல் அடியில் நிற்பது போலவே இதுவும். அந்த அளவைத் தாண்டியதும் டிரான்ஸ்பார்மர் தன் தன்மையை இழந்து வெறுங் கம்பிச் சுருளாகிவிடும். மின்சாரம் கட்டுக்கடங்காமல் ஏறி டிரான்ஸிஸ்டரைத் தின்றுவிடும். இது முதற்கேடு. இரண்டாவது, முழு வேகத்தில் ஏறி வந்த அழுத்தம் 5 வோல்ட்டில் சட்டென்று நிற்காது. சில்லு நிலைமையை உணர்ந்து கையை இழுப்பதற்குள், 5-ஐத் தாண்டி மேலே போய்விடும். அந்த ஒரு துள்ளல், மறுமுனையில் இருக்கும் விலையுயர்ந்த சாமானைக் கெடுக்கப் போதுமானது.

நம் ஊர்த் தேர்த் திருவிழாவில், ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், தேரைப் பத்திரமாகச் செலுத்துகிறவர்கள் சக்கரத்தருகே முட்டுக்கட்டையுடன் நிற்கும் சிலரே. இழுப்பவர்கள் பலத்தைக் காட்டுவார்கள். கட்டை போடுபவர்கள் தேர் எவ்வளவு நகரலாம் என்று தீர்மானிப்பார்கள். சில்லுக்குள்ளும் இத்தகைய முட்டுக்கட்டைகள் இரண்டு உண்டு.

ஒன்று, எந்நேரமும் விழித்திருப்பது. டிரான்ஸிஸ்டரில் ஓடும் மின்சாரத்தை ஒரு சிறு தடையின் மூலம் ஒவ்வொரு தடவையும் அளந்துகொண்டே இருக்கிறது. அத்தடையின் குறுக்கே அழுத்தம் 1 வோல்ட்டை எட்டியதும், வெளியே எவ்வளவு குறை இருந்தாலும், கதவு அந்தத் தடவைக்கு மூடப்பட்டுவிடும். விநாடிக்குப் பல்லாயிரம் தடவை இந்தப் பரிசோதனை நடக்கிறது.

மற்றொன்று, தொடக்கத்தில் மட்டும் வேலை செய்வது. இதற்கு "ஸாப்ட் ஸ்டார்ட்" என்று பெயர். மெல்லத் தொடங்குதல் என்று தமிழில் சொல்லலாம். ஒரு சிறு தேக்கியில் மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். எஸ்.ஜி. 3525 என்ற சில்லில் அது 50 மைக்ரோ ஆம்பியர்தான். தேக்கியின் அழுத்தம் மெதுவாக உயர உயர, கதவு திறந்திருக்கலாம் என்ற நேரத்தின் உச்ச வரம்பும் மெதுவாக உயர்கிறது. முதல் தடவை கதவு இலேசாகத் திறக்கும். அடுத்து இன்னும் சற்று. பத்து, இருபது மில்லி விநாடி சென்றபின்பே முழு அனுமதி. வெளியேயுள்ள அழுத்தம் படிப்படியாக ஏறி, துள்ளாமல், 5 வோல்ட்டில் வந்து அமர்கிறது. யூ.சி. 3842-க்குள் இந்த ஏற்பாடு தனியாக இல்லை. வெளியே ஒரு சிறு டிரான்ஸிஸ்டரும் தேக்கியும் சேர்த்து அமைத்துக்கொள்வது வழக்கம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மெல்லத் தொடங்குவது நல்லதுதான்; ஆனால் எவ்வளவு மெல்ல? சில்லின் கட்டுச்சோறு தாங்குவது 40 மில்லி விநாடி. அதற்குள் வெளி அழுத்தம் போதிய அளவு எழும்பி, மூன்றாவது சுற்று கைகொடுத்தாக வேண்டும். அளவுக்கு மீறி நிதானித்தால் சேமிப்புத் தீர்ந்து, பெட்டி ஒருநாளும் எழாமல் "டிக்... டிக்..." என்றே காலம் கழிக்கும். அவசரப்பட்டால் டிரான்ஸிஸ்டர் போகும். சேமிப்பைப் பெரிதாக்கினால் நாம் விநாடிக்கணக்கில் காத்திருக்க நேரும். பெட்டியை வகுப்பவரின் சாமர்த்தியம் எல்லாம் இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அளந்து வைப்பதில்தான் இருக்கிறது.

ஊர் மின்சாரம் தளரும்போது

அழுத்தம் குறைந்தால் பழைய குண்டு விளக்கு மங்கி எரியும், அவ்வளவே. எஸ்.எம்.பி.எஸ். அப்படியன்று. வெளியே தர வேண்டிய சக்தியைத் தந்தே தீருவது என்று அது கங்கணம் கட்டிக்கொண்டிருப்பது. உள்ளே வரும் அழுத்தம் பாதியானால் இரு மடங்கு மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். அழுத்தம் மேலும் குறைந்தால் மேலும் இழுக்கும். முடிவில் தன்னையே வருத்திக்கொள்ளும். ஆகவே நல்ல சில்லுகளில், தேக்கியின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால்தான் தொடங்குவது, அதைவிடச் சற்றுத் தாழ்ந்தால் நிறுத்துவது என்ற மற்றொரு காவலும் உண்டு. இங்கும் இரண்டு எல்லைகள்; நடுவே இடைவெளி.

கம்ப்யூட்டரின் பெட்டி இன்னும் ஒரு படி மேலே போகிறது. தன் அழுத்தங்கள் எல்லாம் சரியான அளவுக்கு வந்த பிறகும் அது உடனே பறை சாற்றுவதில்லை. 100 முதல் 500 மில்லி விநாடி வரை பொறுத்திருந்து, எல்லாம் ஸ்திரமாக நிற்கின்றன என்று கண்ட பின்னரே, தனியொரு கம்பியின் வழியாக "மின்சாரம் நலம்" என்று செய்தி அனுப்புகிறது. அச்செய்தி வரும்வரை கம்ப்யூட்டரின் மூளை ஒரு கணக்கும் போடாது.

பட்டறையிலும் வீட்டிலும்

இந்த நிதானத்தைக் கையால் செய்து காட்டுகிறவர்களும் உண்டு. பழுது பார்த்த பெட்டியை நம் ஊர்த் தொழிலாளி நேராக மின்சாரத்தில் செருகமாட்டார். நடுவே ஒரு குண்டு பல்பை வரிசையாக இணைத்து, அதன் வழியாகவே முதல் மின்சாரத்தை விடுவார். "சீரீஸ் பல்பு" என்பது அதன் பெயர். பல்பு ஒருமுறை பளிச்சென்று மின்னி மங்கினால், தேக்கி நிரம்பிவிட்டது, பெட்டி நலம். மங்காமல் பிரகாசமாக எரிந்தால், உள்ளே கோளாறு தீரவில்லை. ஆனால் பல்பு குறுக்கே நிற்பதால் எதுவும் வெடிக்கவில்லை. தெர்மிஸ்டர் செய்யும் அதே காவலை ஒரு சாதாரண பல்பு செய்கிறது.

வீட்டார் மனத்தில் இருத்த வேண்டியவை சில. மிக மலிவான சில சார்ஜர்களில் கட்டுப்பாட்டுச் சில்லே கிடையாது. ஒரே ஒரு டிரான்ஸிஸ்டர் எவ்விதக் காவலுமின்றித் தானே துடித்துக்கொண்டிருக்கும். வெளித் தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நம் நாட்டில் கைபேசி சார்ஜர்களும் கம்ப்யூட்டர் அடாப்டர்களும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவைப் பெற்றே விற்கப்பட வேண்டும். "ஆர்" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பெட்டியின்மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம். பெட்டி "டிக்... டிக்..." என்று ஒலித்தால், எழுந்துவிடும் என்று செருகியே வைத்திருத்தல் ஆகாது, எடுத்துவிட வேண்டும். முக்கியமாக, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்ற தைரியத்தில் குழந்தைகளோ பெரியவர்களோ பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளே 325 வோல்ட் தேங்கிய மின்தேக்கி, பிடுங்கிய பின்னும் வெகு நேரம் அந்த விஷத்தைத் தன்னுள் வைத்திருக்கக் கூடும்.

இச்சில்லுகளின் தொடக்க சரித்திரத்தில் வரும் பெயர்கள் அயல்நாட்டுப் பெயர்கள். இன்று பெங்களூரிலும் சென்னையிலும் நம் இளைஞர்களும் யுவதிகளும் பெருந்தொகையினராகச் சில்லுகளை வகுக்கும் தொழிலில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வர வேண்டியவர்கள் இப்போது நம் பள்ளிக்கூடங்களில் மின்தேக்கியின் சூத்திரத்தைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சூத்திரந்தான் தங்கள் வீட்டுச் சுவரில் ஒரு விநாடி பொறுத்து எழுகிறது என்பதைத் தாய்மொழியில் எடுத்துச் சொன்னால், அவர்களுடைய கண்கள் விரிவதைப் பெற்றோர்கள் தாங்களே காணலாம். இன்று மாலை சார்ஜரைச் செருகும்போது, விசையின் ஓசைக்கும் குறி தோன்றுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்று குழந்தைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் உள்ளே நடப்பது என்ன என்ற கேள்வி தானே பிறக்கும்.